குரல்வளையில் ஒரு கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், மலாவி ஏரிக்கரையில் நான் மயக்க மருந்து கொடுக்கும் சின்ன ஆஸ்பத்திரியில்.

மதியம் 2.50. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த யாமிகானி என்பவனைத் தூக்கி வந்தார்கள். நினைவே இல்லை. தாடை உடைந்து, நாக்கு வீங்கி, வாயெல்லாம் ரத்தம். தொண்டைக்குள் குழாய் இறக்கினால்தான் மூச்சு. இரண்டு முறை முயன்றேன். குரல்வளை கண்ணில் படவே இல்லை.

3.12. வெளியே மழை. கரண்ட் போயிற்று. ஆக்ஸிஜன் மெஷின் நின்றது. ஜெனரேட்டரைப் போட நர்ஸ் எனலேசி ஓடினாள்.

பேட்டரியில் ஓடிய மானிட்டர் மட்டும் கத்தியது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் 84... 77... மூன்றாவது முறையும் தவறினால் கழுத்தை அறுத்துத்தான் குழாய் விட வேண்டும். அந்தக் கத்தியை நான் யார்மேலும் வைத்ததில்லை.

அப்போதுதான் கவனித்தேன். கட்டிலருகே ஒரு பெண். இடுப்பில் மஞ்சள் சித்தெஞ்சே துணி. எங்கள் ஊரில் நோயாளிக்குத் துணையாக வரும் சொந்தக்காரர்கள்தான் பாதி நர்ஸ் வேலையைப் பார்ப்பார்கள். அப்படி ஒருத்தி என்று நினைத்துவிட்டேன்.

"அம்மா, அவர் தொண்டையை மேலேயிருந்து அழுத்துங்க."

அழுத்தினாள். பலமாக. இடம் காட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

குரல்வளை தெரிந்தது. குழாய் இறங்கியது. மூச்சுக் கொடுக்கும் காற்றுப் பையை அமுக்கினேன். நெஞ்சு உயர்ந்தது.

"போதும்மா. கையை எடுங்க."

எடுக்கவில்லை.

விரல்களைப் பிடித்து இழுத்தேன். ஜில்லென்று... நகக்கண்ணெல்லாம் செம்மண்.

3.17. விளக்கு எரிந்தது.

யாரும் இல்லை.

எனலேசி வாசலில் நின்றாள். "யார்கிட்ட சார் பேசுறீங்க?" என்றாள். அந்த அறைக்கு அது ஒன்றுதான் வாசல்.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தோம். மஞ்சள் துணி கட்டிய உங்கள் வீட்டு அம்மா தொண்டையை அழுத்தியதால்தான் பிழைத்தீர்கள் என்று அவனிடம் சொன்னேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அவளா வந்தா?" என்று மட்டும் முனகினான். அன்று மாலையே ஆஸ்பத்திரியை விட்டு ஓடிவிட்டான்.

அடுத்த வாரம் ஒரு போலீஸ்காரர் அவனைத் தேடி வந்தார். அவன் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள் என்று ஒரு மாதத்துக்கு முன் புதைத்தார்களாம். அவள் அண்ணன் சந்தேகப்பட்டதால் குழியைத் தோண்டினார்களாம். தொண்டை எலும்பு நொறுங்கிக் கிடந்ததாம்.

அவள் அவனைக் காப்பாற்ற வரவில்லை. அவள் பிடியைப் பிரித்துவிட்டவன் நான். இப்போது அவளுக்கு யார்மேல் கோபம் என்று நினைத்தால்... எனக்குத் தூக்கம் வருவதில்லை.