ஆமென் சொன்னால் ஓடுகிறவன்

எங்கள் தெருவுக்கு இப்போதும் அந்தக் கால்நடை டாக்டர் வேன் வருகிறது, எதிர்வீட்டுப் பூனைக்காக. சின்ன வெள்ளை வேன். பின்கதவில் ஒரு நாய்ப் படமும் ஒரு மாட்டுப் படமும் இருக்கும். முனை திரும்பும்போதே டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். அது காதில் விழுந்ததும் நான் எழுந்துபோய் வாசல் கேட்டைச் சாத்திவிடுகிறேன், நாய் வெளியே ஓடிவிடக் கூடாதே என்று. சாத்தின பிறகுதான் நாய் இல்லை என்பது உறைக்கிறது. வேற வேலை இல்லையாடி உனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டு உள்ளே வருவேன்.

நான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவருக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை. காட்பாடியில் ரயில் ஏறிப் போய்விட்டு, பேண்ட் முழுக்கத் தோல் வாசனையோடு திரும்புவார். ஒரு மழைநாள் சாயங்காலம் கையில் ஷூ டப்பாவோடு வந்து நின்றார். மனுஷன் என்றைக்கும் இல்லாமல் எனக்குச் செருப்பு வாங்கி வந்திருக்கிறாரே என்று ஆசையாகத் திறந்தால், உள்ளே ஒரு நாய்க்குட்டி நடுங்கிக்கொண்டிருக்கிறது. கம்பெனி கேட் பக்கத்தில் நனைந்துகொண்டு கிடந்ததாம்.

"இன்னாங்க இது? உங்களுக்கும் டியூட்டி, எனக்கும் டியூட்டி. யாரு பாத்துக்கறது?"

"ரெண்டு நாள் இருக்கட்டுமே" என்றார்.

இருந்தான். கிழவனாகிற வரைக்கும் இருந்தான். அவனுக்கு ஒரு பேர்கூட வைத்தோம், ஆனால் "டேய்" என்றால்தான் திரும்பிப் பார்ப்பான்.

எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணாமல் எதுவும் தொடங்காது. அதாவது, என் கணவர் தொடங்க விடமாட்டார். பஸ் ஏறுவதற்கு முன் ஜெபம், புது கேஸ் சிலிண்டர் மாட்டினால் அதற்கும் ஒரு ஜெபம். சாயங்காலக் குடும்ப ஜெபம் என்றால் சுருக்கமாக முடிக்கவே அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் நெளிவார்கள். நானே அடுப்பில் வைத்த குழம்பை நினைத்துக்கொண்டிருப்பேன். நாய் மட்டும் யாரும் கூப்பிடாமலே வந்து அவருடைய இடது பாதத்தின் மேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொள்வான். ஆமென் சொல்லி அவர் காலை இழுத்துக்கொள்ளும் வரை அசைய மாட்டான்.

"இந்த வீட்டுல ஒழுங்கா ஜெபத்துல உக்கார்றது இவன் ஒருத்தன்தான்" என்பார். எங்களைக் குத்துவதற்காகச் சொன்னாலும், அதில் அவருக்கு நிஜமான பெருமை இருந்தது. பிள்ளைகள் படித்து வெளியூர் போன பிறகு அந்தப் பெருமை இன்னும் கூடிப்போனது. நான் பாயில், அவர் நாற்காலியில், அவர் காலில் அவன். எங்கள் சபை அவ்வளவுதான்.

அவர் ஓய்வு பெற்ற சமயத்தில் அவனுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. ஈறெல்லாம் வெளுத்து, சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காமல் கிடந்தான். நாய் என்றதும் ஆட்டோக்காரர்கள் வர மறுத்தார்கள். இவருக்கோ முட்டிவலி, தூக்கவும் முடியாது. அப்போதுதான் பக்கத்துத் தெருவில் ஒருவர், வீட்டுக்கே வருகிற வேன் டாக்டரைப் பற்றிச் சொன்னார்.

வந்தது ஒரு இளம்பெண். பேரணாம்பட்டுப் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பெண், தலையில் துப்பட்டா. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஆவ் பேட்டா, ஆவ்" என்று பிள்ளையைக் கூப்பிடுவது மாதிரி உருதுவில் கூப்பிட்டு, அவனை மடியில் இழுத்துக்கொண்டாள். கைப்பழக்கத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. தினமும் ஊசி போட வேண்டும், தானே வந்து போடுகிறேன் என்றாள்.

ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு அவள் திரும்பினால், இவர் கையை நீட்டித் தடுக்கிறார். "ஒரு நிமிஷம்மா. ஜெபம் பண்ணிட்டுப் போடலாமா?"

"பண்ணுங்க அங்கிள்" என்று துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு அவளும் தலை குனிந்தாள்.

நாயின் தலையில் கை வைத்து இவர் ஆரம்பித்தார். ஒரு நிமிஷமாவது, ஒன்றாவது! வைத்தியரின் கரங்களுக்காக, மருந்துக்காக, டிரைவர் பத்திரமாக வண்டி ஓட்டுவதற்காக என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஆமென். அவள் வாய்க்குள் பிஸ்மில்லா சொன்னாள். ஊசி இறங்கியது. அவன் 'வீல்' என்று கத்தினான்.

காய்ச்சல் தீரும்வரை ஒவ்வொரு நாளும் இதேதான். கை தலையில், நீளமான ஜெபம், ஆமென், ஊசி. நாய் பிழைத்துக்கொண்டான். சோற்றுத் தட்டை நக்கிப் பளபளவென்று வைத்தான். இவர் சந்தோஷத்தில் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார்.

வேன் வருவது நின்ற அன்று சாயங்காலம் இவர் நாற்காலியில் உட்கார்ந்து "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று தொடங்கினார். நாய் விறுக்கென்று எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு உள்ளறைக்கு ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். குனிந்து பார்த்தேன். உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வார்டில் எத்தனை குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், ஊசித் தட்டின் சத்தம் கேட்டதுமே அழ ஆரம்பிக்கும். "நீங்க ஆமென் சொன்னா ஊசி வருதுன்னு கத்துக்கினான். நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கீங்க!" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஜெபத்தைச் சட்டென்று முடித்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். வாழ்நாளிலேயே அவர் பண்ணிய சின்ன ஜெபம் அதுதான்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். எங்கள் சர்ச் போதகர் ஐயர் வந்து, பாட்டு முடிந்து, "ஜெபிப்போம்" என்றதுதான் தாமதம், நாய் நாலு பேர் மடியை மிதித்துக்கொண்டு ஓடினான். ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்: "ஜெபம்னா பிசாசுதான்மா இப்படி ஓடும்."

"இது ஊசிக்குப் பயந்து ஓடுது. நீங்க காணிக்கைத் தட்டு வந்தா பாத்ரூமுக்குப் போறீங்களே, அது எதுக்கு?" என்று கேட்டேவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அந்த அம்மா அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, அது லாபம்தான். ஆனால் இவர் முகம் செத்துப்போயிருந்தது. அன்று சாப்பிடும்போது, "அவனத் திரும்ப என் கால்கிட்ட வர வெக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார். கண் கலங்கியிருந்தது. கேலி பண்ண எனக்கு மனசு வரவில்லை.

என்னென்னவோ செய்து பார்த்தோம். ஒரு கையில் மேரி பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடி ஜெபம் பண்ணினார். நாய் பிஸ்கட்டைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்த் தின்றான். அவரும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். அவன் பதறாமல் எழுந்துபோய் ஒளிந்துகொள்ள நேரம் கொடுத்துவிட்டு மீதியைச் சொல்வார்.

கடைசியில் நான்தான் டாக்டர் பெண்ணிடம் கதையைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "அய்யோ, அங்கிளுக்கு என்னால பேஜாரா?" என்றாள். குடியாத்தம் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் வேனை எங்கள் வாசலில் நிறுத்த ஆரம்பித்தாள். பெட்டி இல்லாமல், வெறுங்கையோடு வருவாள். நான் டீ கொடுப்பேன். இவர் ஜெபம் பண்ணுவார். ஆமென் முடிந்ததும் அவள் தன் காலிக் கைகளை விரித்து உள்ளறைப் பக்கம் காட்டுவாள். "பாருடா பேட்டா, ஒண்ணும் இல்ல!"

மெல்ல மெல்ல மூக்கு மட்டும் கட்டிலுக்கு வெளியே வந்தது. அப்புறம் அறைவாசல் திரைவரை வந்தான். அங்கே உட்கார்ந்து, எப்போது வேண்டுமானாலும் ஓடத் தயாராக, இவரையே பார்த்துக்கொண்டிருப்பான். திரையைத் தாண்டவே இல்லை. இவரும் விடவில்லை, வருஷக்கணக்கில் இடது காலை அவனுக்காக முன்னால் நீட்டியே வைத்திருந்தார்.

அதற்குள் அவனுக்கு வயசாகிவிட்டது. கிட்னி போய்விட்டது. ரத்த ரிப்போர்ட்டை வாங்கிப் படித்ததும் டாக்டர் பெண் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. வலியில் முனகினான். "இதுக்கு மேல அவனுக்குக் கஷ்டம்தான் ஆன்ட்டி" என்றாள். நான் இவரைப் பார்த்தேன். சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன் வந்தாள். முதல் தடவையாக டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. இவர் பாயில் உட்கார்ந்து அவனைப் பக்கத்தில் கிடத்தியிருந்தார். அவள் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டுக் காத்திருந்தாள். ஜெபத்துக்காக. நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வேணாம்மா" என்றார் இவர். "இன்னிக்கு ஜெபம் வேணாம். பயந்துடுவான்."

சிலிண்டருக்கு ஜெபம் பண்ணின மனுஷன். அவன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே இருந்தார். "டேய்" என்றார், அவ்வளவுதான். அவன் கஷ்டப்பட்டுக் கழுத்தைத் தூக்கி, மோவாயை இவருடைய இடது பாதத்தில் வைத்துக்கொண்டான். டாக்டர் பெண் அழுதுகொண்டே ஊசியைப் போட்டாள். அவன் கத்தவில்லை. காலை இழுத்துக்கொள்ள இவருக்கு மனசே வரவில்லை. கால் மரத்துப்போய், நானும் அவளும் பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

டிரைவர் குழி தோண்டிக் கொடுத்தார். கொய்யா மரத்தடியில் புதைத்தோம். அங்கேயும் இவர் ஜெபம் பண்ணவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல நான் பாயில் உட்கார்ந்தேன், அவர் நாற்காலியில். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். சொல்லிவிட்டு நிறுத்தினார், அவன் எழுந்து போக நேரம் கொடுக்கிற மாதிரி. காத்துக்கொண்டே இருந்தார். நான்தான் அவர் முட்டியைத் தொட்டு, "சொல்லுங்க, யாரும் ஓடல" என்றேன்.