அந்த வசனம் யாருக்கு

லிப்ட் மெக்கானிக்குக் கண்ணில் புரை விழுந்தது ஐம்பத்தேழாவது வயதில். ஒரு கண்ணை முடித்து மூன்று வாரம் கழித்து அடுத்த கண் என்று டாக்டர் நாள் குறித்தார். குனியக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது, கொஞ்ச நாளைக்கு எழுத்துப் பக்கமே போகக் கூடாது என்றார். முதல் இரண்டையும் மெக்கானிக் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மூன்றாவதற்கு முகம் சுருங்கியது.

முப்பது வருடமாகக் காலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்று அதிகாரம் வாசித்துவிட்டுத்தான் அவர் பல் துலக்குவார். புதன்கிழமை மாலை சபையில் வேதபாட வகுப்பு நடத்துவதும் அவரே. வருடத்தின் முதல் நாள் ஒரு தாளில் அந்த வருடத்துக்கான தீர்மானங்களை எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைப்பார். வேதத்தை ஒருமுறை முழுதும் வாசிப்பது, மாதம் இரண்டு நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, கோபத்தைக் குறைப்பது. கடைசி நாளில் ஒவ்வொன்றாக டிக் போடுவார். ‘கோபத்தைக் குறைப்பது’ தொடர்ந்து பதினோரு வருடம் டிக் வாங்கியிருந்தது. சட்டை எடுக்க அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அவர் மனைவி அதைப் பார்ப்பாள்.

வேலையிலும் அவர் அப்படித்தான், நூல் பிடித்த மாதிரி. லிப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று காதைச் சாய்த்தால் போதும், எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மற்றவர்களின் தவறும் அவர் காதுக்கு அப்படித்தான் கேட்கும். அலுவலகத்தில் அவருக்கு ‘ரசமட்டம்’ என்று பட்டப்பெயர். எங்கே வைத்தாலும் கோணல் காட்டும் சாமான்.

மனைவி ஒரு மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்பவள். கோழி கிளறியது போன்ற டாக்டர் எழுத்தை இருபது வருடமாகப் படித்துப் பழகிய கண். முதல் கண்ணுக்குக் கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த மறுநாள் அவளே சொன்னாள்.

“கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு அரைமணி நேரம் நான் படிக்கிறேன். நீங்க கண்ண மூடிட்டுக் கேளுங்க.”

அவருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்தார். அவள் அவருடைய வேதத்தையே எடுத்து, நாடா வைத்திருந்த இடத்தில் பிரித்தாள். நீதிமொழிகள்.

சோம்பேறி எறும்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்ற இடத்தை வாசித்தாள். வாசித்த அதே குரலில், “மேனேஜர்” என்றாள்.

“என்ன?”

“ஓரத்துல எழுதியிருக்கு. பொடி எழுத்துல. மேனேஜர்னு.”

“அது குறிப்பு. அத விட்டுட்டுப் படி.”

விட்டுவிட்டுப் படிப்பது அவள் தொழிலில் கிடையாது. மருந்துச் சீட்டின் மூலையில் கிறுக்கியிருப்பதை விட்டால் ஆளுக்கே ஆபத்து என்று பழகியவள். அடுத்த பக்கத்தில் வாயைக் காக்கத் தெரியாதவனைப் பற்றி வந்தது. ஓரத்தில் ‘அக்கா’ என்று இருந்தது, அதையும் வாசித்தாள். பெருமைக்காரனுக்கு எதிரே ‘மச்சான்’. இரண்டு நாள் கழித்து, அடைமழை நாளில் ஓயாமல் ஒழுகும் கூரையும் சண்டைக்கார மனைவியும் ஒன்று என்ற இடம் வந்தது. வாசித்துவிட்டு நிறுத்தினாள்.

அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

“மனைவி,” என்று வாசித்தாள். “அடிக்கோடு வேற போட்டிருக்கீங்க. ரெண்டு கோடு.”

“எப்பவோ எழுதினது.”

“மை புதுசா இருக்கே.” அவ்வளவுதான் சொன்னாள். அந்த அதிகாரத்தை முடித்து நாடாவை வைத்து மூடினாள். குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். சண்டை போட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று மாலை வந்ததும் கைப்பையை வைத்துவிட்டுக் கேட்டாள். “என்னங்க, இதுல உங்களுக்குன்னு குறிச்ச வசனம் எதாவது இருக்கா?”

“இருக்கும். தேடிப் பாரு.”

அவள் தேடினாள். இரண்டு நாள், வேலை ஒழிந்த நேரமெல்லாம் பக்கம் புரட்டினாள். தன் பெயருக்குப் பதில் ‘மனைவி’ என்று இருபத்தாறு இடத்தில் பார்த்தாள். ‘நான்’ என்று மூன்றே இடத்தில் இருந்தது. ஒன்று, நீதிமான் பனையைப்போல் செழிப்பான் என்ற இடம். இன்னொன்று, உண்மையுள்ள ஊழியக்காரனை எஜமான் பாராட்டும் இடம். மூன்றாவதில் நீண்ட ஆயுள் வாக்களிக்கப்பட்டிருந்தது.

“நல்லதெல்லாம் பாத்து எடுத்து வச்சிருக்கீங்க,” என்றாள். குரலில் கிண்டல் இல்லை. அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் நான்கு சுவிசேஷங்களில் முதலாவதைத் தொடங்கினாள். காணிக்கை செலுத்தப் போன இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் ஒரு குறை இருக்கிறது என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்ற இடம். ஓரத்தில் ஒரு தேதியும் அதன் கீழ், ‘நெட்டை வர வேண்டும்’ என்றும் இருந்தது.

“நெட்டைன்னா, உங்ககூட வேல பாத்தாரே, அவரா?”

“ஆமா.”

“இது தலைகீழா இருக்கே. குறை யாருக்கு இருக்கோ அவர் வரணும்னு இதுல போடல. யார்மேல குறை இருக்கோ அவர்தான் போகணும்னு இருக்கு.”

“திரும்பப் படி.”

திரும்பப் படித்தாள். இதே வசனத்தை வைத்து அவர் வகுப்பில் நான்கு தடவை பேசியிருக்கிறார். கண் மூடிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

அந்தத் தேதி ஆறு வருடம் பழையது. ஒரு ஐந்து மாடிக் கட்டடத்து லிப்ட். கதவு முழுதாக மூடினால்தான் லிப்ட் நகரும், அதற்கென்று ஒவ்வொரு கதவிலும் ஒரு பூட்டு உண்டு. பழுது பார்க்கும்போது அந்தப் பூட்டை ஏமாற்ற ஒரு துண்டுக் கம்பியால் அதன் இரண்டு மின்முனைகளை இணைப்பார்கள்; கதவு திறந்திருந்தாலும் லிப்ட் நகரும். வேலை முடிந்ததும் அதைக் கழற்றியே ஆக வேண்டும். அந்த வாரம் அங்கே போனவர்கள் இரண்டு பேர், மெக்கானிக்கும் நெட்டையும். யாரோ கம்பியைக் கழற்றவில்லை. கதவு திறந்திருக்கும்போதே லிப்ட் நகர்ந்து, உள்ளே கால் வைத்த ஒரு ஆசிரியையின் குதிகால் எலும்பு நொறுங்கியது.

விசாரணை வந்தது. மெக்கானிக் மூன்று பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். நெட்டை வேலைக்குத் தாமதமாக வருவது, கருவியைக் கண்ட இடத்தில் போடுவது, பேச்சுவாக்கில் வேலையை மறப்பது எல்லாம் அதில் இருந்தது. நெட்டையை வெளிவேலையிலிருந்து எடுத்து ஸ்டோர் ரூமில் போட்டார்கள். நான்கு மாதத்தில் அவன் தானாகவே விலகிப் போனான்.

“எழுதினது பொய்யா?” என்று மனைவி கேட்டாள்.

“பொய் இல்ல. அவன் லேட்டா வருவான். மறப்பான். எல்லாம் உண்மைதான்.” கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “போட்டோ ஒண்ணு காட்டினாங்க. அந்தக் கம்பியோட ரெண்டு முனையிலும் கிளிப் இருந்துச்சு. நெட்டை கம்பிய முறுக்கித்தான் விடுவான். கிளிப் வச்சிருந்தது நான்.”

“அப்பவே தெரியுமா?”

“அவன் என் பையிலேருந்து எடுத்திருப்பான்னு நெனச்சேன்.” அவருக்கே அது போதவில்லை. “அப்படி நெனச்சுக்கிட்டேன்.”

அவள் புத்தகத்தை மடியிலேயே வைத்திருந்தாள். கடைக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் எழவில்லை.

“இத ஏன் எங்கிட்ட சொல்றீங்க?”

“வேற யார்கிட்ட சொல்றது?”

“அவர்கிட்ட,” என்றாள்.

அதற்குப் பிறகு நான்கு நாள் அவர் சாக்குத் தேடினார். கண் ஆறட்டும் என்றார். பஸ்ஸில் தூசி என்றார். அவன் எங்கே இருக்கிறானோ என்றார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாவி வெட்டும் கடை வைத்திருக்கிறான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த வழியாகப் போகக் கூடாதென்று ஆறு வருடமாகச் சுற்றுவழியில் போய் வருகிறவர். ஐந்தாம் நாள் காலை கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அது கடை என்று சொல்ல முடியாத இடம். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் ஒரு ஆள் அகலச் சந்து, மேலே தகரம். சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கின. அந்த உயரத்துக்கு நெட்டை அதற்குள் உட்கார்ந்திருந்தது குடையை மடக்கி வைத்த மாதிரி இருந்தது. இயந்திரத்தை நிறுத்தினான்.

“வாங்க,” என்றான். முன்பெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை அண்ணே போடுவான். “கண்ணுக்கு என்ன?”

“புரை. ஆபரேஷன் ஆச்சு.” மெக்கானிக் நின்றபடியே இருந்தார், உட்கார இடமும் இல்லை. வரும் வழியெல்லாம் ஒரு பிரசங்கம் தயாராக இருந்தது. வாயில் வந்தது வேறு. “அந்தக் கம்பி என்னோடது. நான்தான் கழட்டாம விட்டேன்.”

நெட்டை கையிலிருந்த சாவியைத் துணியால் துடைத்தான். “தெரியும்.”

“எப்பலேருந்து?”

“அன்னைக்கே. எனக்கும்தான போட்டோவக் காட்டினாங்க.”

“அப்ப நீ சொல்லலையா?”

“சொன்னேன். நீங்க மூணு பக்கம் எழுதிக் குடுத்திருந்தீங்க. நான் அரைப் பக்கம். அதுவும் எழுத்துப்பிழையோட.” சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “லேட்டா வர்றவன் சொன்னா யார் நம்புவா? எங்க அப்பாவே நம்பல. ஆஸ்பத்திரியில கடைசியாப் பாக்கப் போனப்பகூட, நெஜமா நீ மறக்கலையாடான்னுதான் கேட்டாரு. இல்லப்பான்னேன். சரின்னு தலையத் திருப்பிக்கிட்டாரு.”

ஒரு பெண் வந்து பெட்டிச்சாவி ஒன்றைக் கொடுத்து நகல் கேட்டாள். நெட்டை வெட்டிக் கொடுத்து, சரியாகச் சுற்றவில்லை என்றால் கொண்டுவரச் சொல்லி அனுப்பினான். அதுவரை அவர் வெயிலில் ஒதுங்கி நின்றார்.

“என்ன மன்னிச்சிடு,” என்றார் பிறகு.

“சரி.”

“மன்னிச்சிட்டியா?”

“சரின்னுதான் சொன்னேன். அவசரப்படுத்தாதீங்க.” துணியை உதறி மடித்தான். “இத ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. எனக்கு அந்த வேல வேண்டாம். கூப்பிட்டாலும் போமாட்டேன். ஆனா காகிதத்துல என் பேருக்கு எதிர இருக்கிறது மாறணும்.”

வீட்டுக்கு வந்து அவர் சொல்லச் சொல்ல மனைவி எழுதினாள். கட்டடத்தின் விவரம், அன்றைய வேலைப்பளு, அன்று அவருக்கு இருந்த தலைவலி என்று ஒரு பக்கம் நிறைந்தது. அவள் பேனாவை நிறுத்தினாள்.

“தலைவலிய எடுத்துடவா?”

“எடுத்துடு.”

வேலைப்பளுவும் போனது. கடைசியில் ஆறு வரி நின்றது. குத்துமதிப்பாகத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜருக்கு அந்தக் கடிதம் பிடிக்கவில்லை. ஆறி அடங்கியதை ஏன் கிளறுகிறீர்கள், ரிட்டயராக இன்னும் எட்டு மாதம்தானே என்றார். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு முறை நீட்டினார். மெக்கானிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கடைசியில் விசாரணைக் காகிதம் திருத்தப்பட்டு நெட்டைக்கு ஒரு நகல் போனது. மெக்கானிக்குக் கண்டிப்புக் கடிதம் வந்தது. அடுத்த கண்ணும் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் அவரையும் வெளிவேலையிலிருந்து எடுத்து ஸ்டோர் ரூமில் போட்டார்கள். ‘ரசமட்டமே கோணலாம்’ என்று ஒருவன் சொன்னது அவர் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஆசிரியையையும் தேடிப் போனார். அவள் இப்போதும் படியிறங்கும்போது பக்கவாட்டில்தான் இறங்கினாள். உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்று முழுதும் கேட்டாள். “சொல்லிட்டீங்க, சரி. எனக்கு இதுக்கு மேல பேச எதுவும் இல்ல,” என்று கதவைச் சாத்தினாள். அதையும் அவர் மனைவியிடம் அப்படியே சொன்னார்.

போதகரிடம் போய், வகுப்பை வேறொருவர் எடுக்கட்டும் என்றார். போதகர் தடுத்துப் பார்த்தார், இப்போதுதான் நீங்கள் எடுக்க வேண்டும் என்றார். கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டு உட்கார்கிறேன் என்று இவர் பின்வரிசைக்குப் போனார். கேட்பது அவருக்குச் சுலபமாக வரவில்லை. நடத்துகிறவர் ஏதாவது தவறாகச் சொன்னால் கால் கட்டைவிரல் தானாகத் தரையைத் தட்டும். பக்கத்தில் இருக்கும் மனைவி அதைப் பார்ப்பாள். சில நாள் அவர் நிறுத்திக்கொள்வார். சில நாள் கை உயர்த்திவிடுவார். வீட்டிலும் கோபம் போய்விடவில்லை. முன்பு கத்திவிட்டு வசனம் சொல்வார். இப்போது கத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அடுக்களை வாசலில் வந்து நிற்பார்.

ரிட்டயராகி மூன்றாவது மாதம், ஒரு பிற்பகல், நெட்டை போன் செய்தான். ஒரு வீட்டில் சின்ன லிப்ட், இரண்டாவது மாடியில் கதவு சிக்கிக்கொண்டது, பூட்டு என்பதால் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பழைய மாடல், ஒரு ஆள் மேலேயும் ஒரு ஆள் கீழேயும் வேண்டும் என்றான். வர முடியுமா என்று கேட்கவில்லை, முகவரியை மட்டும் சொன்னான்.

மெக்கானிக் போனார். ஒரு மணி நேரம் வேலை. “தூக்கு”, “விடு”, “இன்னும் கொஞ்சம்”, “போதும்” தவிர வேறு பேச்சு இல்லை. கதவு விட்டுக்கொடுத்ததும் இருவரும் சேர்ந்தே ஐந்தாறு முறை திறந்து மூடிப் பார்த்தார்கள்.

கீழே வந்ததும் மெக்கானிக் கேட்டார். “ஒரு டீ குடிக்கலாமா?”

“கடையப் பக்கத்துக்காரர்கிட்ட பாத்துக்கச் சொல்லிட்டு வந்தேன், போகணும்,” என்றான் நெட்டை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன் நீளக் கால்களை எட்டி வைத்துப் பஸ் நிலையத்துப் பக்கம் போனான்.