அத்தையின் படிப்பும் ஒரு குவியல் உப்பும்

மேகம் கறுத்தால் மற்றப் பிள்ளைகள் குதிப்பார்கள். எனக்குப் பயமாக இருக்கும். மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்தவர் வீட்டில் பிறந்தால் அப்படித்தான். எங்கள் வீட்டில் பயப்பட இன்னொரு காரணமும் இருந்தது. அக்காவுக்கு இடி ஆகாது. எனக்கு எட்டு வயது, அவளுக்குப் பன்னிரண்டு, பேச்சு வரவில்லை. இடி இடித்தால் கதவு, வேலி எதையும் பார்க்காமல் ஓடுவாள். அவளை நிறுத்தத் தெரிந்தவள் அப்பாவின் தங்கை ஒருத்திதான். பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, காதருகே ‘ம்ம்ம்’ என்று ஒரே சீராக முனகுவாள். சற்று நேரத்தில் அக்காவின் உடம்பு தளர்ந்துவிடும்.

அந்த வருடம்தான் அத்தை, டிகிரி முடித்த கையோடு, அக்காவைப் போன்ற பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் சிறப்புக் கல்வி பி.எட். படிக்கவேண்டும் என்றாள். இரண்டு வருடம், வெளியூர், ஹாஸ்டல். வீடே கணக்குப் போட உட்கார்ந்துவிட்டது. வாரம் ஒருமுறை ஸ்கூட்டரில் வந்து அக்காவைப் பார்த்துப்போகும் டீச்சரிடம் அத்தை எல்லாம் விசாரித்திருந்தாள். அவர் சொன்னதை அத்தை வீட்டில் ஒளிக்காமல் சொன்னாள். வேலை கிடைக்கும், ஆனால் கிடைக்கிற ஊருக்குப் போகவேண்டும். நிரந்தரமாவது கஷ்டம். ஒப்பந்தச் சம்பளத்தில் கட்டின பீஸ் திரும்பக் கைக்கு வரவே சில வருடமாகும்.

அம்மாவின் தம்பிக்கு இது போதுமானதாக இருந்தது. அடுத்தவர் பணத்தை மிச்சம் பிடிப்பதில் மாமாவுக்கு அலாதிப் பிரியம்.

“இவ்ளோ செலவு பண்ணி அந்தச் சம்பளமா மச்சான்? சாதா பி.எட். படிச்சாலும் நாலு ஸ்கூல்ல கூப்டுவான். இல்லியா, அதே காசுல கல்யாணத்த முடிச்சிடலாம்.”

அப்பாவுக்கு உப்பை வைத்துத்தான் எதையும் யோசிக்க வரும். களத்தில் விற்காமல் ஒரு குவியல் மிச்சமிருந்தது. பனையோலை போட்டு மூடி வைத்திருந்தார். உடனே விற்றால் லாரிக்காரர் சொன்னதுதான் விலை. மழைக்காலம் வரை காப்பாற்றிவிட்டால் விலை ஏறும்.

“படிப்பும் அப்டித்தாம்பா. கொஞ்ச நாளு மூடி வெக்கணும்” என்றார். அந்தக் குவியல்தான் அத்தையின் பீஸ் என்று முடிவாயிற்று. அம்மா மட்டும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எனக்கு வேறு கணக்கு. மழை வந்தால் உப்பு கரையும், அத்தை அழுவாள். வராவிட்டால் அத்தை போய்விடுவாள்; அடுத்த இடிக்கு அக்காவை யார் பிடிப்பது? சாமியிடம் எதைக் கேட்பதென்று தெரியாமல் வெறுமனே கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் கடல் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. காற்று ஓலையைக் கிளப்புகிறது என்று தகவல் வர, அப்பா, அம்மா, அத்தை மூவரும் களத்துக்கு ஓடினார்கள். போகும்போது அக்காவின் கையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். முதல் இடியிலேயே அந்தக் கை உருவிக்கொண்டது.

வீட்டை ஒட்டிய உப்புப் பாத்திகளுக்கு நடுவே வரப்பில் அக்கா ஓடினாள். வரப்பு முடிகிற இடத்தில் கால்வாய். “அத்தே! அத்தே!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா செத்துப்போவாள், நான் பார்த்துக்கொண்டே நிற்பேன் என்று தோன்றியது. அப்படி ஒரு பயத்தை அதற்குப் பிறகு நான் பட்டதில்லை.

குவியலின் மேல் ஏறி ஓலைகளை உடம்பால் அழுத்திப் பிடித்திருந்த அத்தை எங்களைப் பார்த்துவிட்டாள். குதித்தாள். அவள் குதித்ததும் ஓலைகள் பறந்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கால்வாய்க் கரையில் அக்காவைப் பிடித்து, இருவரும் சேற்றில் விழுந்தார்கள். கொட்டுகிற மழையில் அத்தை ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே கிடந்தாள். மழை விட்டபோது குவியல் பாதிகூட இல்லை.

மாமா சாயங்காலமே வந்துவிட்டார். “ஆண்டவனே கணக்க முடிச்சிட்டாரு. இனிமே என்னா படிப்பு?”

“நான் போவல” என்றாள் அத்தை. அக்கா அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். “நான் போய்ட்டா இவள யாரு அண்ணி புடிப்பாங்க?”

அத்தனை நாள் வாயே திறக்காத அம்மா அப்போதுதான் பேசினாள்.

“அதுக்குத்தான் சொல்றேன், போ. இங்கியே இருந்தா காலம்பூரா சம்பளமில்லாம இதே வேலையத்தான் செய்வ.” பிறகு அப்பாவிடம், “இருக்கிற உப்ப அந்த லாரிக்காரருக்கே போட்டுடுங்க. கொறையறதுக்கு நான் மகளிர் குழுவுல கடன் கேக்கறேன்” என்றாள்.

மாமா அன்று டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

கிளம்புமுன் அத்தை எனக்கு அக்காவைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். கைகளை எங்கே கோக்கவேண்டும், எவ்வளவு இறுக்கவேண்டும், மூச்சை எப்படி விடவேண்டும். அவள் போனபிறகு வந்த முதல் இடிக்கு நான்தான் பிடித்தேன். அக்கா திமிறினாள், உதைத்தாள், பிறகு மெல்ல என்மேல் சாய்ந்தாள். பயம் போய் எனக்குத் தலைகால் புரியவில்லை.

“அம்மா, இங்க பாரு! நானே புடிச்சிட்டேன்!”

அம்மா பார்த்தாள். “அடுத்து நீயா?” என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தையைப் பிரிந்த துக்கம் என்றுதான் நான் நினைத்தேன். அக்காவை விடாமல் பிடித்தபடியே, “அழுவாதம்மா, ரெண்டே வருஷந்தான” என்று அவளைத் தேற்றினேன்.