ஆசையாய் வைத்த பெயர்

அவர் லிப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் லிப்ட் நின்றுபோனாலும் அவருடைய போன்தான் முதலில் அலறும். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பார். பதறுகிறவர்களை அமைதிப்படுத்துவதில் கெட்டிக்காரர். பதினான்கு வயது மகள் பூசணியிடம் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை.

மனைவி வெளியூர் மருத்துவமனையில் நர்ஸ்; மாதம் ஒருமுறைதான் வருவாள். அம்மாவோடு பேசட்டும் என்றுதான் மகளுக்குப் போன் வாங்கிக் கொடுத்தார்கள். அம்மாவோடு பேசியது கொஞ்சம், மற்றதுதான் அதிகம். பாட்மிண்டன் மட்டை அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது. காலையில் பசிக்கவில்லை என்பாள், சாயங்காலம் தலைவலி என்பாள். திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ஒருமுறை போனைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று முழுக்க ஸ்பானர்களுக்கு நடுவே அம்மாவின் அழைப்பு அடித்துக்கொண்டே இருந்தது. மனசு கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

லிப்டின் கூரைமேல் நின்று இரும்புக் கயிற்றைச் சோதித்துக்கொண்டிருந்த ஒருநாள், பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்தார்கள். மாடிப்படியில் மயங்கி விழுந்துவிட்டாளாம். அழுக்குக் கையோடு ஓடினார்.

உடம்பில் ரத்தம் குறைவு, சாப்பாடும் தூக்கமும் சரியில்லை என்றார் டாக்டரம்மா. எந்நேரமும் போன்தான் என்று அப்பா புகார் சொன்னதும், அதில் என்ன பார்ப்பாய் என்று டாக்டரம்மா மகளிடம் கேட்டார். விளையாட்டு, சினிமா என்றுதான் அப்பா நினைத்திருந்தார். மகள் தயங்கித் தயங்கித் திறந்து காட்டினாள். வரிசையாக ஒல்லிப் பெண்கள். காலையில் வெந்நீர் போதும், மதியம் பாதி ஆப்பிள் போதும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக வந்து நின்றது.

"உன்னை யாராவது குண்டுன்னு சொன்னாங்களாம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அவள் அப்பா பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "யாரும் சொல்லல. அப்பா பூசணின்னு கூப்பிடுவார். ஆசையாதான் கூப்பிடுவார்."

பிறந்தபோது உப்பியிருந்த கன்னத்தைப் பார்த்து வைத்த பெயர்.

வெளியே பைக் அருகே வந்ததும், "இனிமே அப்படிக் கூப்பிட மாட்டேம்மா. முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார்.

"சொன்னா நீங்க வருத்தப்படுவீங்க."

மனைவி விடுப்புப் போட்டு ஓடிவந்தாள். அம்மாவும் மகளும் உட்கார்ந்து அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். சில மறுபடி முளைத்தன, மறுபடி நீக்கினார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு அம்மா காலையில் மருத்துவமனை கேன்டீனிலிருந்து வீடியோவில் அழைப்பாள். அங்கே அவள் ரொட்டியைப் பிய்க்க, இங்கே மகளும் பிய்ப்பாள். மாத்திரைக்கு முகம் சுளித்தாலும் விழுங்கினாள். சில நாள் சாப்பாட்டை அளைந்துகொண்டே இருப்பாள். அப்பா திட்டவும் மாட்டார், கெஞ்சவும் மாட்டார். மெல்ல மெல்ல உடம்பு தேறியது. டாக்டரம்மா சரி என்றதும் விளையாடவும் போனாள்.

இரவுச் சாப்பாட்டின்போது போனைத் தொடுவதில்லை என்று இருவருக்கும் பேச்சு; இரண்டு போன்களும் சமையலறையில் கிடக்கும். ஒருநாள் அவருடையது அடித்தது. பேச்சு மாறக் கூடாது என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"எடுங்கப்பா. பாவம், யாரோ உள்ள நின்னுட்டிருப்பாங்க."

போய்விட்டு வந்தபோது அவர் தட்டு மூடியிருந்தது, அவள் தட்டு கழுவியிருந்தது. யார் மாட்டிக்கொண்டது என்று விசாரித்தாள். ஒரு பாட்டு வாத்தியார், பயத்தில் பாடிக்கொண்டே இருந்தார் என்றார். எப்படிப் பாடினார் என்று பாடிக் காட்டச் சொன்னாள். சோற்றில் கையை வைத்தபடியே பாடிக் காட்டினார்.