சாமி சோற்றில் இருந்த உப்பு

காலையில் எழுந்தால் என் வீட்டுக்காரருக்கு முகம் வீங்கியிருக்கும், சாயங்காலமானால் கால். கிரிவலம் போனதால் வந்த வீக்கம் என்று அவரே முடிவு செய்து நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டார். மலையைச் சுற்றியது கால்தானே, முகமுமா சுற்றியது என்று கேட்டேன். சிரிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். ரத்தம் எடுத்தார்கள். எனக்கு எழுத்து தெரியாது, அதனால் டாக்டர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிட்னி பாதிதாம்மா வேலை செய்யுது. ரத்தத்துல கழிவு தங்கிடுது, அதான் அசதி. உப்பும் தண்ணியும் தங்கறதாலதான் வீக்கம்."

"சரியாயிடுங்களா?"

"போனது வராது. இருக்கறதக் காப்பாத்தலாம். பிரஷரும் இருக்கு, அது ஏறினா மிச்சமும் கெடும்; மாத்திரை தரேன், விடக்கூடாது. பிரஷர ஏத்தறதே உப்புதான், கம்மி பண்ணுங்க. ஊறுகா, கருவாடு தொடவே கூடாது."

அன்றிலிருந்து எனக்கு இரண்டு அடுப்பு வேலை. பிள்ளைகளுக்கு ஒரு குழம்பு, அவருக்குத் தனியாக ஒன்று.

"இன்னாடி இது, மாட்டுக்கு வெச்ச கழுநீரா?"

"மாடு பேசாம குடிச்சிட்டுப் போவும்."

அடுத்த தடவை பார்த்தால் ரத்தத்தில் கழிவு முன்னைவிட ஜாஸ்தி. டாக்டர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "வெளிய சாப்பிடறாரா?" இவர் நெஞ்சை நிமிர்த்தி, "ஒரு வாய் கெடையாது சார்" என்றார். நான் பட்ட பாடெல்லாம் வீணா என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

மறுநாள் அவர் சட்டையைத் துவைக்கும்போது பையில் மஞ்சள் எண்ணெய்க் கறை, வாழையிலைத் துண்டு ஒன்று. கோயில் கோபுரத்துக்கு எதிரே எங்கள் பாத்திரக் கடை. பிடித்துக் கேட்டதும் சொன்னார், கோயில் ஆள் ஒருவர் தினமும் கடைக்குப் புளியோதரை கொண்டுவந்து தருவாராம்.

"டாக்டர்கிட்ட இல்லன்னீங்களே?"

"அது பிரசாதம்டி. சாமி குடுத்தத வெளிச்சாப்பாடுன்னு எவனாவது சொல்வானா? அது உடம்ப ஒண்ணும் பண்ணாது."

"குடுத்தது சாமி, சரி. உப்பு போட்டது மடப்பள்ளி ஆளுதானே?"

அவர் சட்டையை என் கையிலிருந்து பிடுங்கித் தானே அலசப் போனார். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரும்.

அப்புறம் பிரசாதம் வந்தால் கண்ணில் ஒற்றி, ஒரே ஒரு பருக்கை நாக்கில் வைத்துக்கொள்வார். மீதி பக்கத்துப் பூக்காரிக்கு. "அவ வழிச்சி வழிச்சி சாப்பிடறா, நான் பாத்துக்கினே இருக்கணும்" என்று வீட்டுக்கு வந்து புலம்புவார்.

அடுத்த சோதனையில் கழிவு குறையவில்லை, கூடவும் இல்லை. இப்படியே நின்றால் போதும் என்றார் டாக்டர். திரும்பி வந்த அன்று இரண்டு குழம்பு வைக்க உடம்பில் வலுவில்லை. உப்பில்லாத ஒன்றையே எல்லோருக்கும் ஊற்றினேன். பிள்ளைகள் முகம் சுளித்தன.

இவர் மட்டும் சப்புக்கொட்டி, "இன்னிக்கு நல்லாக் கீதே" என்றார்.

"அதே கழுநீர்தாங்க."