விளிம்பில் மடித்த துணி

எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டின் கதவு நிலைகளெல்லாம் ஒரு காலம் ஒலிவ் எண்ணெய் மணத்துக்கொண்டிருந்தன. வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் நடந்த ஜெபக் கூட்டத்திலிருந்து அம்மா சின்னப் போத்தலில் கொண்டுவரும் "ஜெபிச்ச எண்ணெய்" அது. தீயது எதுவும் உள்ளே வரக்கூடாதென்று வாசல், சன்னல், குசினிக் கதவு என்று ஒன்றுவிடாமல் விரலால் சிலுவை போட்டுப் பூசிவிட்டு, "இருதயத்துக்கும் இப்பிடித்தான் காவல் போட வேணும்" என்று என் நெஞ்சிலும் ஒரு பொட்டு வைப்பார்.

அம்மாவைக் குறை சொல்லி என்ன? தம்பிக்குத் தொய்வு. அவன் மூச்சுக்கு இழுக்கும்போது வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. டொக்டரிடம் காட்டி, செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றி, எல்லாம் செய்து களைத்த பிறகுதான் அடுத்த வீட்டுக்காரி சொன்னதைக் கேட்டு வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினார். அங்கே ஜெபம் நடத்தியவரை எல்லோரும் "அன்ரி" என்றார்கள். கண்ணை மூடினால் அவருக்குக் காட்சி தெரியுமாம்.

அந்த வருடம் எனக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். இரண்டு தெரு தள்ளித் தையல் மெசினோடு குடியிருந்த அம்மாவின் தங்கை, எங்கள் ரீட்டா சின்னம்மா, வெள்ளை உடுப்பொன்று தைத்துக் கொண்டுவந்து தந்தார். "உள்ளுக்கு நிறையத் துணி மடிச்சு விட்டிருக்கிறன் அக்கா, பிள்ளை வளர வளரப் பிரிச்சுக்கொள்ளலாம்" என்றார். அந்தச் சந்தோஷத்தை அம்மா அடுத்த கூட்டத்தில் அன்ரியிடம் வாய் ஓயாமல் சொன்னார். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அதற்கடுத்த கிழமை அன்ரி கண்ணை மூடி அம்மாவின் தலையில் கை வைத்தார்.

"ஊசி தெரியுது. வெள்ளைத் துணி தெரியுது. கிட்டின சொந்தம். விளிம்புக்குள்ள என்னவோ மடிச்சு வைச்சிருக்கு, அதுதான் மகன்ட மூச்சைக் கட்டுது."

தான் சொன்னதுதான் தனக்குத் திரும்பி வருகிறதென்று அம்மாவுக்கு விளங்கவில்லை, பயம் வந்த இடத்தில் ஞாபகம் எங்கே நிற்கும்? எனக்கும் அது பல வருடம் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உடுப்பின் விளிம்பைத் தடவிப் பார்த்தார், தடிப்பாக இருந்தது. பிரித்துப் பார்க்கத் துணிவில்லாமல் அப்படியே பின்முற்றத்தில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த அப்பா, கருகிய நைலோன் நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உன்ர கலியாணச் சட்டையும் அவள் தைச்சதுதானே, அதையும் கொண்டுவந்து போடு" என்றார். அந்தச் சட்டை இருந்த அலுமாரியை அம்மா திறக்கவில்லை.

முதல் நன்மைக்கு இரவல் உடுப்பில் போனேன். கோயில் வாசலில் சின்னம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அளவு பிழைச்சிட்டுதோ அக்கா? தாங்கோ, பிரிச்சுத் தைச்சுத் தாறன்."

அவரோடு கதைக்கக்கூடாதென்பது அன்ரியின் கட்டளை. அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு நடந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது சின்னம்மா நீட்டிய கையோடு வாசலிலேயே நின்றார்.

அந்த மாதம் தம்பிக்கு இழுப்பு வரவில்லை, அன்ரி சொன்னது சரியென்று அம்மா நம்பிவிட்டார், அதுதான் வினையாகப் போயிற்று. மழை தொடங்க அது திரும்பி வந்தது. அன்ரி கண்ணை மூடி இன்னொரு சொந்தக்காரரைத் தேடத் தொடங்க, அப்பா வெள்ளவத்தைப் பயணத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். அதற்குள் சின்னம்மா சித்தப்பாவோடு கனடா போய்விட்டார். ஒரு வார்த்தை பேசாமலே அக்கா தங்கை இருவருக்கும் வயதாகி, சின்னம்மா அங்கேயே கண்ணை மூடினார். நானும் ஜெபிக்கிறவள்தான், ஜெபத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சன்னலுக்கெல்லாம் காவல் போட்ட எங்கள் வீட்டுக்குள் கெட்டது ஆண்டவர் பெயரைச் சொல்லிக்கொண்டு முன்வாசலால் வந்தது, நாங்கள் கதிரை எடுத்துப் போட்டோம் என்பதை நினைக்க எரிச்சல் ஆறுவதில்லை.

இன்று அந்த வீடு இருந்த இடத்தில் தொடர்மாடி எழும்பிவிட்டது. எண்ணெய் பூசிய நிலைகள் எந்த விறகுக் கடைக்குப் போயினவோ தெரியாது. புடைவைக் கடை மாடியில் ரியூசன் வகுப்பு நடக்கிறது. அம்மா பாமன்கடையில் என்னோடு இருக்கிறார். போன கிழமை அலுமாரியைத் திறந்து அந்தக் கலியாணச் சட்டையை எடுத்து என் மடியில் வைத்தார்.

"என்னைப் பெட்டியில வைக்கேக்க இதைப் போட்டுவிடு."

"இது இப்ப உங்களுக்குக் காணாதம்மா."

அம்மா சட்டையைத் திருப்பி உள்விளிம்பை விரலால் தடவினார்.

"பிரிச்சா காணும். அவள் எப்பவும் உள்ளுக்குத் துணி விட்டுத்தான் தைப்பாள்."