கோச் 'கிராண்ட்' என்று சொன்ன பின்னேரம்

ஒக்லாந்தில் ஹில்ஸ்பரோப் பக்கம் ஒரு சின்னக் கால்பந்துக் கழகத்தில் எனக்கு வேலை. மைதானத்துக்குக் கோடு போடுவது, ஜெர்சி தோய்ப்பது, வெளி மட்ச் என்றால் வான் ஓட்டுவது. வானில் எனக்குப் பக்கத்தில் இருப்பவர் எங்கள் கோச். அயர்லாந்துக்காரர்.

பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, காசுக்கு விளையாட இங்கிலாந்து போனவர். எந்தக் கழகமும் அவரை நெடுக வைத்திருக்கவில்லை. சீசன் முடிந்தால் ஒப்பந்தம் நீட்டுவார்களோ மாட்டார்களோ என்று ஃபோனையே பார்த்துக்கொண்டு இருந்தாராம். பிறகு முழங்கால் போனது. ஒக்லாந்துக்கு வந்து நொண்டி நொண்டிக் கொஞ்சம் விளையாடி, அப்படியே கோச் ஆகிவிட்டார். நானும் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தின ஆள். அதனாலோ என்னவோ, அவருக்கு ஒன்று என்றால் எனக்குத்தான் முதலில் நித்திரை போகும்.

போன வருடம் கழகம் சொல்லிவிட்டது, மேல்படி கோச் லைசன்ஸ் எடுக்காவிட்டால் பெரிய அணியைத் தர ஏலாது என்று. அதற்கு மைதானத்தில் ஒரு சோதனை, எழுத்தில் ஒரு சோதனை. மைதானத்துச் சோதனையை விளையாட்டாய்ச் செய்து முடித்தார். எழுத்துத்தான் ஆளைத் தின்றது.

"பந்தைப் பின்னுக்கு ஏன் குடுக்கிறம் எண்டு ஒரு பக்கம் எழுதட்டாம்," என்றார் வானில் ஒருநாள். "பெடியனுக்குப் பயம், குடுக்கிறான். அதை எப்பிடி ஒரு பக்கமாக்கிறது?"

எழுத்துச் சோதனை முடிய அவரை ஏற்றப் போனவன் நான்தான். வெளியில் நின்று நகத்தைக் கடித்தே தீர்த்துவிட்டேன்.

"எப்பிடிப் போச்சு, கோச்?"

"கிராண்ட்," என்றார். வானில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். களைத்துப்போனார், விடுவோம் என்று நினைத்தேன்.

எங்கள் தமிழ் ஆட்களுக்குக் கிராண்ட் என்றால் என்ன? ஹோல் எடுத்து, மேளம் பிடித்து, ஊரையே கூப்பிட்டுச் செய்த கலியாணம். வீட்டுக்கு வந்து மனிசியிடம் சொன்னேன். அவ உடனே உளுந்து ஊறப்போட்டா. அடுத்தநாள் பயிற்சிக்கு ஒரு பெரிய சட்டி நிறைய வடையோடு போய், "கோச் பாஸ்!" என்று பெடியளுக்கெல்லாம் நீட்டினேன். அவர் காரால் இறங்க, எல்லாரும் கை தட்டினார்கள்.

"ஆர் சொன்னது?" என்று என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"நீங்கள்தானே. கிராண்ட் எண்டு."

முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தார். "எங்கட ஊரில கால் முறிஞ்சு கிடந்தாலும் கிராண்ட் எண்டுதான் சொல்லுவம். கனக்கக் கேள்வியள் எழுதவே இல்லை."

பெடியள் வாயில் வடையோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவரே போய், தான் பாஸ் இல்லை என்று சொன்னார். பிறகு ஒருவன், "அப்ப இதைத் திருப்பித் தரவேணுமோ, கோச்?" என்றான். அவர் சிரித்துவிட்டு விசிலை ஊதினார்.

மனிசி மட்டும் இன்னும் விடுகிறா இல்லை. "இஞ்சேருங்கோ, வாயைத் திறந்து வடிவாக் கேட்டிருந்தால் என்ன?"

முடிவு வந்தது. பெயில். பெரிய அணியை லைசன்ஸ் உள்ள ஒரு இளம் ஆளிடம் கொடுத்தார்கள். இவருக்குச் சனிக்கிழமை காலைச் சின்னப்பிள்ளைகள். போய்விடுவார் என்று பயந்தேன், போகவில்லை. இனி எங்கே போவது என்று கேட்டார். பிள்ளைகள் போன பிறகு சின்னக் கோல் கம்பங்களை நாங்கள் இருவருமாகத் தூக்கி ஓரத்தில் வைப்போம். அவருக்கு முழங்கால் மடியாது, எனக்கு இடுப்பில் நாரிப் பிடிப்பு. நடுவில் ஒருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மிச்சத் தூரம்.